விருந்தாளிக்குக் கொக்கி உண்டு

செத்துப்போனவளின் பூட்ஸ் அவ்வளவு சுத்தமாக இருந்தது ஓணானுக்குப் பிடிக்கவே இல்லை.

"மேடம், இதைப் போட்டுக்கிட்டுப் பொண்ணு பாக்கவே போகலாம்," என்றான். சொன்ன பிறகுதான் எங்கே நின்றுகொண்டு பேசுகிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. காவல் நிலையத்தின் பின்னறை. மேசை மேல் நாலைந்து காகித உறைகள், ஒரு துணிப்பை, பாறையில் வைத்துப் பாசியை எண்ணுகிற ஒரு இரும்புச் சட்டம், ஒரு ஜோடி பூட்ஸ். முந்தாநாள் வரை மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒருத்தி விட்டுப்போனது அவ்வளவுதான். ஓணான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வக்கீலம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேர்தான் வக்கீலம்மா. கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டி எட்டு வருஷம் ஆகிறது. கோர்ட்டில் பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிட ஊருக்குள் உண்மையைத் தேடிக்கொண்டு அலைவது மேல் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறான் என்று உதவியாளனுக்கு ஓணான் என்று பேர் வைத்ததும் அவர்தான். தலை ஆடுகிறபோது வாயும் சேர்ந்து ஆடும் என்பது வேலைக்குச் சேர்த்த பிறகுதான் தெரிந்தது. தலையெழுத்து, வேறென்ன.

செத்தவளைத் துறைமுகத்தில் எல்லாரும் பாசிப் பொண்ணு என்பார்கள். கடலோர ஆய்வகத்தில் வேலை. தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துக் கரை கரையாக இறங்கி, இந்தக் கடலில் பிறக்காத பாசி ஏதாவது வந்து ஒட்டியிருக்கிறதா என்று தேடுவாள். கிடைத்ததைக் கொண்டுபோய் இன்னதென்று கண்டுபிடிப்பாள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி வந்த ஒரு பாசி துறைமுகத்துக்குள் புகுந்து, பாறையையெல்லாம் போர்த்தி மூடி, மீன் முட்டையிட இடமில்லாமல் செய்துவிட்டது. ஆய்வகத்தில் அதற்கு விருந்தாளி என்று பட்டப்பேர். படகுகளின் அடியில் ஒட்டிக்கொண்டுதான் விருந்தாளி வந்தது என்று ஆய்வகம் எழுதிக் கொடுக்க, மேலிடத்திலிருந்து தடை வந்தது. நாற்பத்து மூன்று நாளாக ஒரு படகும் கயிறு அவிழ்க்கவில்லை. அவள் கரை பார்க்கப் போவதற்கு மட்டும் ஒரே ஒரு படகுக்கு அனுமதி இருந்தது. அந்தப் படகுக்காரர்தான் இப்போது இந்த நிலையத்தின் லாக்கப்பில் இருக்கிறார்.

அவருடைய மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு அவரை நீதிபதி முன்னால் கொண்டுபோய்க் கொலை வழக்கு என்று எழுதிவிட்டால், அவர் திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குக் கல்யாண வயசு ஆகிவிடும். அது அவளுக்குத் தெரியும். காலையில் வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு வாய் நீளம்தாம்மா, கை நீளமில்ல," என்று மட்டும் சொன்னாள். மணி இப்போது பதினொன்று.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர், அவ்வளவுதான்.

"தலையில பலமான அடி," என்றார். "ஆனா உயிர் போனது தண்ணில மூழ்கி. நுரையீரல்ல கடல் தண்ணி இருக்குன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு. அடிச்சுப் போட்டு, வடக்கு வளைகுடாவுல ஒரு குட்டையில தலையைக் கவுத்துட்டுப் போயிருக்கான். முந்தாநாள் மத்தியானம் துறைமுகப் படியில வெச்சு ரெண்டு பேருக்கும் சண்டை. நாப்பது பேர் பாத்திருக்காங்க. இன்னும் என்ன மேடம் வேணும்?"

"கால் எங்க இருந்தது?"

"என்னது?"

"தலை குட்டையில. கால்?"

"மேல, காஞ்ச பாறையில. அலை அங்க வரைக்கும் ஏறல."

"அந்தப் பாறைக்குப் போக வழி?"

"வழியா? இருநூறு அடி பாசி மேலயே நடக்கணும். வழுவழுன்னு இருக்கும். நான் ரெண்டு தடவை விழுந்தேன்." இன்ஸ்பெக்டர் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைச் சிராய்ப்பைக் காட்டினார்.

"உங்க பூட்ஸைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

அவர் காட்டினார். அடியில் பள்ளம் பள்ளமாகப் பாசி காய்ந்து அப்பிக் கிடந்தது. வக்கீலம்மா மேசை மேலிருந்த பூட்ஸைத் திருப்பி அதன் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரு நார் இல்லை, ஒரு மணல் இல்லை. உப்புப் பூத்த வெள்ளைக் கோடுகூட இல்லை.

"சட்டையெல்லாம் அழுக்கு. தலைமுடி பூரா பாசி. பூட்ஸ், பை, சட்டம் மூணு மட்டும் நல்ல தண்ணில பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்கு. அவ அந்தப் பாறைக்கு நடந்து போகல, சார்."

இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸைப் பார்த்தார், அவள் பூட்ஸைப் பார்த்தார். யோசித்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. 

"அப்ப தூக்கிட்டுப் போயிருக்கான்! துறைமுகத்துலயே அடிச்சிருக்கான். அங்க இருக்கிற சேறும் பாசியும் ஒட்டியிருந்தா மாட்டிக்குவோம்னு எல்லாத்தையும் கழுவிட்டான். மேடம், என் கேஸ்ல ஒரு ஓட்டை இருந்தது. அதையும் நீங்களே அடைச்சுக் குடுத்துட்டீங்க."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதே என்று ஓணான் நொந்துகொண்டான். கை சும்மா இருக்கமாட்டாமல் பூட்ஸுக்குள்ளே விரலை விட்டுப் பார்த்தான். உடனே வெளியே எடுத்து ஊதினான்.

"உள்ள மெத்தையே இல்ல மேடம். பாதத்துக்கு அடியில போடுவாங்களே, பஞ்சு அட்டை, அது ரெண்டுலயும் இல்ல. தையல் முள்ளு மாதிரி குத்துது. இதைப் போட்டுக்கிட்டா அந்தப் பொண்ணு ஊரெல்லாம் நடந்தா?"

"சம்பளம் அப்படி," என்றார் இன்ஸ்பெக்டர்.

வக்கீலம்மா பூட்ஸின் குதிகாலில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். எட்டு. கீழே வைத்துவிட்டு, தலைமுடியிலிருந்து எடுத்த பாசி இருந்த உறையைப் பிரித்தார். சிவப்பும் பழுப்புமாக ஒரு கொத்து, அதோடு சிக்கிய நாலைந்து முடி. முடியைத் தனியாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மெதுவாக இழுத்தார், வெடுக்கென்று இழுத்தார். முடிதான் அறுந்ததே தவிரப் பாசி அதை விடவில்லை. கைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எனக்கு வேணும், சார்."

"குப்பைதானே. ஆனா சாட்சிப் பொருள், தனியா அனுப்ப முடியாது. கான்ஸ்டபிள் பொண்ணு கூட வரும்." இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நாலு மணிக்குள்ள பத்திரமாத் திருப்பிக் குடுத்துடுங்க."

போகிற வழியில் லாக்கப் முன்னால் இரண்டு நிமிஷம் நின்றார்கள். படகுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. எப்படி வீங்கியது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"திட்டினேம்மா. இல்லன்னு சொல்ல மாட்டேன். இன்னும் மூணு மாசம் தடைன்னு சொல்லுச்சு. எங்க படகுலதான் அந்தச் சனியன் வந்துச்சுன்னு எவன் பாத்தான், எங்க வயித்துல அடிச்சுட்டு நீ நல்லாவா இருப்பேன்னு கத்திட்டேன். அது பதிலே பேசல. பையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுக் கரையோரமாவே நடந்து போயிடுச்சு. நான் படகுல போய்க் குப்புறப் படுத்தவன்தான்."

"எந்தப் பக்கமா நடந்தா?"

"தெக்கால."

"வடக்கு வளைகுடா?"

"அது நேர் எதிர்ப்பக்கம்ல. தெக்கால என்ன இருக்கு, அவங்க ஆய்வகம்தான் இருக்கு."

*

ஆய்வகம் கரையின் கடைசியில், கடலைப் பார்த்து நின்றது. வாசலை நெருங்கும்போதே உள்ளேயிருந்து ஒருவர் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"நில்லுங்க, நில்லுங்க! அப்படியே உள்ள வரக் கூடாது. செருப்பைக் கழட்டுங்க."

அவர்தான் ஆய்வகத் தலைவர். ஐம்பது வயசு தாண்டிய ஒல்லியான மனிதர். வெள்ளைக் கோட்டுக்கு மேலே கண் இரண்டும் அழுது சிவந்திருந்தன. ஓணான் துறைமுகம் வழியாக வந்தவன், செருப்பெல்லாம் பாசியும் சேறும். தலைவர் யோசிக்கவே இல்லை. செருப்பை வாங்கிக்கொண்டு வாசலோரத் தொட்டிக்குப் போனார், வெந்நீரைத் திறந்தார், குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரஷால் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயையோ சார், நீங்க போய் என் செருப்பை... எங்க வீட்டுல இதைத் தொடக் கூட மாட்டாங்க."

"யாரா இருந்தாலும் இங்க இதான் சட்டம். நகத்தளவு துண்டு போதும் தம்பி. அது ஒரு புது இடத்துல விழுந்தா அடுத்த வருஷம் அங்க காடு போட்டுடும். நாங்க ஒரு கரையிலேர்ந்து இன்னொரு கரைக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கழுவிடுவோம். பூட்ஸ், பை, கயிறு எதையும் விட மாட்டோம். வெந்நீர், பிரஷ், அப்புறம் காய வைக்கிறது. இருபது நிமிஷம் ஆகும். ஈரத்துல அது ஒரு வாரம் கூட உயிரோட இருக்கும்."

செருப்பைத் தட்டி வெயிலில் சாய்த்து வைத்தார். பழகின கை, அளந்து வைத்த மாதிரி வேலை செய்தது. ஓணான் வெறுங்காலோடு நின்று தொட்டியைச் சுற்றிப் பார்த்தான். சுவரில் ஒரு படம், விருந்தாளியைப் பெரிதாக வரைந்து, 'கொக்கி இருக்கிறதா? உடனே சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே ஒரு கொடி, கொடியில் கவ்வி போட்டு வரிசையாக ஏதோ தொங்கியது. பாதம் பாதமாக, பஞ்சு அட்டைகள். ஒரு ஜோடியில் மூன்று என்று எழுதியிருந்தது. அடுத்த ஜோடியில் எட்டு.

ஓணானுக்கு வாயில் தயாராக இருந்த ஜோக் மறந்தே போய்விட்டது. வக்கீலம்மாவைப் பார்த்தான். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே அவனுடைய கால் கட்டைவிரலை நன்றாக மிதித்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

உள்ளே நீளமான மேசை. மேசை முழுக்கக் காகிதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பாசி விரித்து ஒட்டிக் காய வைத்திருந்தது. கீழே பென்சிலில் சின்னச் சின்னக் கையெழுத்து, இடம், தேதி, எடுத்தவர். கடைசித் தாளில் இடம் மட்டும் எழுதி மற்றதெல்லாம் வெறுமையாக இருந்தது. அறையின் கோடியில் கண்ணாடித் தொட்டிகள், அவற்றுக்குள் உயிரோடு அசைகிற பாசிகள்.

"அவ எழுத்து," என்றார் தலைவர். "ஏழு வருஷம் என் கூட இருந்தா. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுப் பாத்தே பேர் சொல்லுவா. அந்தப் படகுக்காரன் நாசமாப் போவான்." கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். அந்த அழுகை பொய் இல்லை என்று ஓணானுக்குத் தோன்றியது.

"முந்தாநாள் இங்க வேற யாரு இருந்தா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"நான் மட்டும்தான். கூடமாட உதவி பண்ற அம்மா பொண்ணு பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாள் ஆச்சு. பாவம், இவ காலையிலேயே கிளம்பிப் போனவ. திரும்பி வரவே இல்ல."

"சரிங்க சார். ஒரு சின்ன உதவி. இது என்னன்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

கான்ஸ்டபிள் உறையை நீட்டினாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பெண், கையில் ஒரு நோட்டு, காதில் செருகிய பேனா. வக்கீலம்மா அதிலிருந்து முடி இல்லாத ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துக் கொடுத்தார்.

வேலை என்றதும் தலைவருக்கு உயிர் வந்தது. துணுக்கை ஒரு தட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். சுருண்டு கிடந்தது மெல்ல விரிந்தது.

"வெறும் கண்ணுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். நம்ம கடல்ல காலங்காலமா ஒரு செம்பாசி இருக்கு, அதுவும் இப்படித்தான் கொத்துக் கொத்தா வரும். நெறத்தை வெச்சுச் சொல்லக் கூடாது, வெயில்ல மாறிடும். நீளத்தை வெச்சும் சொல்லக் கூடாது. நுனியைத்தான் பாக்கணும். நம்மளோடது நுனி நேரா இருக்கும். விருந்தாளிக்கு வளைஞ்சு தூண்டில் முள்ளு மாதிரி இருக்கும். வலையோ கயிறோ எது கிடைச்சாலும் மாட்டிக்கிட்டு ஊரூராப் போறது அதாலதான்." பேசிக்கொண்டே ஒரு நுனியைப் பிளேடால் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தார்.

திருகைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். இன்னொரு நுனியைச் சீவி வைத்துப் பார்த்தார்.

"கொக்கி இருக்கு. விருந்தாளிதான், சந்தேகமே வேண்டாம்," என்றார். "துறைமுகத்துல எடுத்தீங்களா?"

"இல்ல சார். வடக்கு வளைகுடா. அவ தலை கிடந்த குட்டை."

தலைவர் நிமிர்ந்தார். ஒரு மனிதனின் முகம் சுண்ணாம்பாய் வெளுப்பதை ஓணான் கதையில்தான் படித்திருந்தான், அன்றைக்கு நேரில் பார்த்தான்.

"இருக்காது."

"இருந்ததே."

"அங்க கிடையாதும்மா! போன வாரம் கூட அங்குலம் அங்குலமாப் பாத்தோம். இந்தக் கரையில மிச்சம் இருக்கிற ஒரே சுத்தமான இடம் அது." மறுபடி குனிந்து பார்த்தார். கை பட்டுத் தகடு கீழே விழுந்து உடைந்தது. "எப்படிப் போச்சு? அங்க எப்படிப் போக முடியும்? நான்தான் எல்லாத்தையும் கழுவினேனே! பையை, சட்டத்தை, பூட்ஸை, ஒண்ணு விடாம..."

அங்கேயே நின்றுவிட்டார்.

கான்ஸ்டபிள் காதிலிருந்த பேனாவை எடுத்தாள். "எழுதிக்கவா மேடம்?"

"எழுதிக்கோம்மா." வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாத்தையும் கழுவினீங்க சார். தலைமுடியைக் கழுவல. பாசி அதுலதான் இருந்தது. நான் குட்டைக்குப் போகவே இல்ல. ஆனா அவ தலை அதுல ஒரு ராத்திரி பூரா கிடந்திருக்கு."

"நான்... நான் வழக்கமாக் கழுவுறதைச் சொன்னேன். மத்தியானம் வந்தா. நான் கழுவிக் குடுத்தேன். திரும்ப மாட்டிக்கிட்டு அவளாவே போனா."

"இப்பதான் காலையில போனவ வரவே இல்லன்னீங்க. போகட்டும். ஓணான்!"

ஓணான் வெளியே ஓடிப் போய்க் கொடியிலிருந்து எட்டாம் எண் அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தான். இரண்டு நாள் காய்ந்ததில் மொரமொரவென்று இருந்தன.

"அவ பூட்ஸோட மெத்தை இங்க தொங்குது, பூட்ஸ் அங்க அவ கால்ல இருந்தது. அவளே மாட்டியிருந்தா முதல் அடியிலேயே தையல் குத்தியிருக்கும், மெத்தையை எடுத்து உள்ள போட்டிருப்பா. போடாமலே நடந்தான்னு வெச்சுக்கிட்டாலும் அடியில ஒரு நாராவது ஒட்டியிருக்கும். கழுவினதுக்கு அப்புறம் அந்த பூட்ஸ் தரையையே தொடல சார். கொலைக்குப் பயந்தவனா இருந்தா பூட்ஸைக் கடல்ல தூக்கி எறிஞ்சிருப்பான். கடலுக்குப் பயந்தவன்தான் உக்காந்து கழுவுவான். அதுவும் மெத்தையைத் தனியாக் கழட்டிக் காயப் போடுற பழக்கம் எந்தப் படகுக்காரனுக்கு இருக்கு?"

தலைவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"அது படகுல வரல," என்றார். "எங்க தொட்டியிலேர்ந்துதான் போச்சு. வளர்த்து ஆராய்ச்சி பண்ணிப் பாக்கணும்னு வெளியூர்லேர்ந்து நான்தான் வரவழைச்சேன். கழிவுக் குழாய்ல ஒரு வலை இருக்கும், அது கிழிஞ்சிருந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்ப ஒரு வருஷம் ஆயிடுச்சு. மூடி மறைச்சு வலையை மாத்தினேன். அதுக்குள்ள அது துறைமுகத்துக்குப் போயிடுச்சு."

"படகு மேல பழியைப் போட்டீங்க."

"ஆய்வகத்தை இழுத்து மூடிடுவாங்கம்மா! அப்புறம் இந்தக் கடலை யாரு பாத்துப்பா?" உண்மையாகவே கேட்டார். "முந்தாநாள் அவ நேரா குழாய்ப் பக்கம் இறங்கிப் பாத்துட்டு வந்தா. தலையெல்லாம் பாசி, கையில ஒரு கொத்து. துறைமுகத்துல இருக்கிறது நூல் மாதிரி, இது விரல் தண்டிக்கு இருந்தது. ரெண்டு வயசு, அப்ப முதல்ல முளைச்சது இங்கதான். அந்தப் படகுக்கார அண்ணன் சொன்னதுதான் சார் சரி, அவங்க மேல தப்பே இல்ல, நம்ம குழாய்தான், நாளைக்கே எழுதிக் குடுத்துடுறேன், அவங்க கடலுக்குப் போகட்டும்னா. நான் கெஞ்சினேன். கால்ல விழாத குறை. கேக்கல. கையிலேர்ந்து பிடுங்கினேன். குழாய்ப் படியில வழுக்கிப் பின்னால விழுந்தா. கான்கிரீட்."

"அப்புறம்?"

"அப்புறம் அசையவே இல்ல. போயிட்டா. வழுக்கி விழுந்ததா இருக்கட்டும்னு வடக்கு வளைகுடாவுக்கு ஜீப்ல கொண்டு போனேன். யாரும் வராத இடம். ஆனா அது சுத்தமான இடம். இங்கேர்ந்து எதையும் அங்க கொண்டு போகக் கூடாது. அதான் பூட்ஸைக் கழட்டி..."

"அவ எங்க இருந்தா, நீங்க கழுவுறப்ப?"

"தொட்டிக்குப் பக்கத்துல. சாய்ச்சு வெச்சிருந்தேன்."

"நாடி பாத்தீங்களா?"

அவர் கீழே உடைந்து கிடந்த தகட்டைப் பார்த்தார்.

"பாத்தீங்களா சார்?"

"கை ஈரமா இருந்தது. நடுங்குச்சு. ஒண்ணும் தெரியல. அவ்வளவு ரத்தம், போயிட்டான்னுதான்..."

"போகல," என்றார் வக்கீலம்மா. எட்டு வருஷமாக ஓணான் கேட்காத ஒரு குரல் அது. "மூழ்கித்தான் செத்திருக்கா. நுரையீரல்ல கடல் தண்ணி. செத்தவ தண்ணியை இழுக்க மாட்டா. நீங்க உக்காந்து அவ பூட்ஸைத் தேய்ச்ச இருபது நிமிஷமும் அவ உங்க பக்கத்துல மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தா. ஜீப்ல போறப்பவும் உயிர் இருந்தது. நீங்க தலையைக் கொண்டு போய் அந்தக் குட்டையில வெச்சப்புறம்தான் போச்சு."

தலைவர் இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைத்து, அவை வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மாதிரி நேரத்தில் ஓணான் எதையாவது சொல்லிச் சூழ்நிலையை இலேசாக்குவான். அன்றைக்கு வாசலுக்குப் போய், கழுவி வைத்திருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கடற்கரையில் நின்றான். அதைக் காலில் போட மனசு வரவில்லை.

*

மூன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் நோட்டை இரண்டு தடவை படித்தார். தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "சாவியைக் குடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தானே போய் லாக்கப்பைத் திறந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாத மனிதர், ஆனால் ஒரு டம்ளர் டீயை வாங்கித் தன் கையாலேயே படகுக்காரரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

மனைவி ஓடி வந்து அவர் தோளை, கையை, கன்னத்தை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம். புள்ளைங்க ரெண்டும் காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாம உக்காந்திருக்குங்க."

படகுக்காரர் நகரவில்லை. "யாரும்மா?" என்று வக்கீலம்மாவைக் கேட்டார்.

வக்கீலம்மா சொன்னார். குழாயைச் சொன்னார், ஒரு வருஷம் மூடி மறைத்ததைச் சொன்னார். படகு மேல் தப்பில்லை என்றதும் நிலையத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் தலையை உயர்த்தினார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அப்ப அந்தப் பொண்ணுக்கும் இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. அன்னைக்குத்தான் போய்ப் பாத்திருக்கா."

"அன்னைக்கு எதுக்குப் போய்ப் பாக்கணும்?"

சொல்லாதீங்க மேடம் என்று ஓணான் மனசுக்குள் கும்பிட்டான். மனுஷன் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறார், ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும். வக்கீலம்மாவும் ஒரு கணம் தரையைப் பார்த்தார். ஆனால் அவருக்குப் பொய் வராது. தொழிலை மாற்றியதே அதற்காகத்தான்.

"நீங்க கத்தினதுக்கு அவ பதில் சொல்லலன்னீங்கள்ல. பதில் தேடித்தான் தெக்கால நடந்திருக்கா. அந்தப் படகுக்கார அண்ணன் சொன்னதுதான் சரி, அவங்க கடலுக்குப் போகட்டும்னு தலைவர்கிட்ட சண்டை போட்டிருக்கா. அதுலதான் விழுந்தா."

படகுக்காரர் நிலையத்தின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு, கடலில் வெந்த உடம்பு, அது குலுங்கியது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?" என்று படகுக்காரர் கேட்டார்.

"இருக்காங்க. தனியாத்தான். உங்களைத்தான் கொலைகாரன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. இன்னும் போய்ச் சொல்லல."

"வீடு எங்கன்னு சொல்லுங்க."

"என்னங்க இது," என்றாள் மனைவி. "இந்தக் கோலத்துலயா? முதல்ல நம்ம வீட்டுக்கு வாங்க. குளிச்சு, ரெண்டு வாய் சாப்பிட்டு, நாளைக்குப் போலாம்."

"நாளைக்குன்னா போக மாட்டேன்டி. எனக்கு என்னைத் தெரியும்." கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போன கையை ஊன்றி எழுந்தார். "நீ வீட்டுக்குப் போய்ப் புள்ளைங்களுக்குச் சோறு போடு. நான் போயிட்டு வர்றேன்."

வக்கீலம்மா தெருவைச் சொன்னார். படகுக்காரர் செருப்பில்லாமல் இறங்கி நடந்தார். மனைவி ரெண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.